ஒரே போன், நாற்பது பிள்ளைகள்: வகுப்பறையில் அசையும் படம் எடுப்பது எப்படி

அரசுப் பள்ளி ஒன்றில் நான் ஓவிய ஆசிரியை. ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை கிடைக்கும், ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள். கணினி அறையில் பத்துக் கணினிகள் இருப்பதாகப் பதிவேடு சொல்லும். நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை ஐந்து. கேமரா கிடையாது. என் சொந்தச் செல்போன் ஒன்று இருக்கிறது, ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது.

இதை வைத்துக்கொண்டு முதல் வருடம் ஸ்டாப் மோஷன் படம் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போட்டோ எடுத்து அசைய வைப்பது) எடுக்க இறங்கினேன். ஆறு பேர் படம் எடுத்தார்கள். மீதி 34 பேர் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள், பிறகு சண்டை போட்டார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை வாசல் வரை வந்துவிட்டுப் போனார். கருவி போதவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். இன்னும் நான்கு போன் இருந்திருந்தால் சண்டை நான்கு இடத்தில் நடந்திருக்கும், அவ்வளவுதான். இது புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு நான் வேலையே வைத்திருக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி ஸ்டாப் மோஷனைப் பற்றியது, பாதி வரிசையைப் பற்றியது. 11 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளோடு செய்தது இது. மொத்தம் பத்துப் பாடவேளை, அதாவது ஐந்து வாரம்.

முதலில் கணக்கு

ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. இவற்றை வேகமாக ஓட்டினால் பொருள் தானே நகர்வதுபோலத் தெரியும். திரையரங்கில் நொடிக்கு 24 படம் ஓடுகிறது. கையால் வரைந்து அனிமேஷன் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு (ஓடுகிற ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்) பிடித்து 12 ஓவியத்தில் ஒரு நொடியை ஓட்டிவிடுவார்கள். நமக்கு நொடிக்கு 8 போதும். தத்தித் தத்தித்தான் நகரும். காகிதப் பொம்மைக்கு அந்தத் தத்தல் பொருந்திவிடும்.

இப்போது வரிசைக் கணக்கு. 40 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 8 குழு. ஒரு குழுவுக்கு 60 போட்டோ, அதாவது ஏழரை நொடிப் படம். நகர்த்தி, விலகி, எடுத்து முடிக்கப் போட்டோவுக்கு 15 நொடி ஆகும். 60 போட்டோவுக்கு 15 நிமிடம். பொம்மையை அடுக்கவும் கலைக்கவும் 5 நிமிடம். ஆக ஒரு குழுவுக்கு 20 நிமிடம், ஒரு பாடவேளையில் இரண்டு குழு, நான்கு பாடவேளையில் எட்டுக் குழுவும் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளையே போட வைக்கிறேன். "ஏழரை நொடிதானா?" என்று முகம் சுருங்கும். எழுந்து நின்று மனதுக்குள் ஏழரை நொடி எண்ணச் சொல்வேன். ஒருவன் குதித்து, விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நடந்து போகவே அந்த நேரம் போதும் என்று அவர்களுக்கே தெரியும். உங்கள் வகுப்பில் 55 பேர் இருந்தால் போட்டோவைக் குறையுங்கள், குழுவைப் பெரிதாக்காதீர்கள். ஆறாவது ஆள் எப்போதும் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

போனைத் தொடாத இரண்டு பாடவேளை

முதல் இரண்டு வகுப்பில் போன் என் பையைவிட்டு வெளியே வராது. காகிதம் மட்டும்தான்.

முதல் நாள் தாமட்ரோப். 1820களில் லண்டனில் விற்பனைக்கு வந்த சின்ன விளையாட்டுப் பொருள். உள்ளங்கை அளவு வட்ட அட்டை, ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு, இரண்டு ஓரத்திலும் நூல். நூலை முறுக்கி இழுத்தால் அட்டை சுழன்று பறவை கூண்டுக்குள் உட்கார்ந்துவிடும். பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைய வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. பாதி வகுப்பில் பறவை தலைகீழாகத் தொங்கும். ஏன் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடம் நான் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் பெரிய வேலை.

மீதி நேரம் ஃபிளிப் புக். 1868இல் பர்மிங்ஹாமில் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்ற அச்சகக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்களைக் கால்வாசி அளவுக்கு வெட்டி 24 தாளாக அடுக்கி, ஓரத்தில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். தாள் ரொம்ப மெல்லியதாக இருந்தால் விரலில் நழுவாமல் ஒட்டிக்கொள்ளும். வரையும்போது கடைசித் தாளில் தொடங்கி முன்னோக்கி வரச் சொல்லுங்கள். புதிய தாளை மேலே போட்டால் அடியில் இருக்கும் படம் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி வரையலாம். தெரியவில்லை என்றால் ஜன்னல் கண்ணாடியில் வைத்து வரையட்டும். படம் எளிமையாக இருக்கட்டும்: ஒரு புள்ளி, ஒரு பந்து, முளைக்கிற விதை. முதல் தாளிலேயே கண், மூக்கு, மீசை என்று வரைந்தவன் ஐந்தாவது தாளில் சோர்ந்துபோவான்.

இரண்டாம் நாள் ஜோட்ரோப். இதற்குக் கணக்கு டீச்சரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். 1834இல் இங்கிலாந்தின் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் யோசித்த கருவி, அவரும் கணித ஆசிரியர்தான். கெட்டி அட்டையில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை. சுற்றளவு 62.8 சென்டிமீட்டர். அதை 12ஆகப் பிரித்தால் ஒரு படத்துக்கு சுமார் 5.2 சென்டிமீட்டர் இடம். மேல்பாதியில் சம இடைவெளியில் 12 பிளவு, ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் அகலம். உட்புறத்தில் கீழ்பாதியைச் சுற்றிப் படப் பட்டை. வெளிப்புறம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள், இல்லையென்றால் வெளி அட்டையின் வெளிச்சம் கண்ணைக் கூசும். அடித்தட்டின் மையத்தில் குண்டூசியைக் குத்தி, ஊசி முனையைப் பென்சிலின் ரப்பரில் இறக்கினால் சுழற்றலாம். பிளவு வழியாகப் பார்த்தால் எதிர்ப்பக்கத்துப் படங்கள் உயிர் பெறும்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி: பிளவு எதற்கு, மேலேயிருந்தே பார்க்கலாமே? பார்க்கட்டும். வெறும் சாம்பல் பட்டைதான் தெரியும். பிளவு ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் மட்டும் காட்டிவிட்டு மறைக்கிறது, அந்த இருட்டுத்தான் படங்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. கணக்கு டீச்சர் ஒரு படி மேலே போய், பட்டையில் 12க்குப் பதில் 13 படம் வரைந்து வரச் சொன்னார். குதிக்கிற பந்து குதித்துக்கொண்டே பக்கவாட்டில் ஊர்ந்தது. அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழவில்லை, நாங்கள் இருவரும் உட்பட.

ஏன் இரண்டு பாடவேளையை இதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம். அசைவு எப்படிக் கிடைக்கிறது என்பது விரலுக்குப் புரிந்தபின் போன் கைக்கு வந்தால், அதைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை. வேலை ஆரம்பித்துவிடும்.

கதை, பொம்மை

கதைக்கு ஒரே பாடவேளை. மூன்று கட்டுப்பாடு: ஒரு பாத்திரம், அதற்கு ஒரு ஆசை, ஒரு தடை. வசனம் கூடாது. குழு ஒன்று ஆறு கட்டம் வரைந்து காட்ட வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எத்தனை போட்டோ என்று எண் எழுத வேண்டும். மொத்தம் 60 வராவிட்டால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். போர்க் கதைகள் எல்லாம் இந்தக் கூட்டலிலேயே அடிபட்டுப்போகும். ஒரு குழு எடுத்த கதை: பென்சில் ஒன்று ரப்பரிடம் இருந்து தப்பிக்க ஓடுகிறது, ஓடும்போதெல்லாம் பின்னால் கோடு விழுகிறது, அந்தக் கோட்டைப் பிடித்தே ரப்பர் வந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதில் எனக்கு இப்படித் தோன்றியிருக்காது.

பொம்மைக்கு அடுத்த பாடவேளை. வெட்டிய காகித உருவங்கள்தான் சுலபம். மேசைமேல் படுக்க வைத்து மேலேயிருந்து எடுக்கலாம், விழாது. களிமண் பொம்மை நிற்காமல் சாயும், வெயில் நாளில் நெகிழும், நான் விட்டுவிட்டேன். மூட்டு வேண்டுமென்றால் ஊசியால் துளை போட்டு நூலைக் கோத்து இரண்டு பக்கமும் முடிச்சிடுங்கள். முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த கை ஒவ்வொரு போட்டோவிலும் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஒரு பொம்மைக்கு இரண்டு மூட்டுக்கு மேல் வேண்டாம். கண்ணைத் தனித் துண்டாக வெட்டுங்கள். திறந்த கண், மூடிய கண் என்று இரண்டு ஜோடி இருந்தால் இரண்டே ஃப்ரேமில் இமைக்கலாம்.

மேடை

ஒரு மேசை. அதன்மேல் இரண்டு ஓரத்திலும் இரண்டு ஸ்டூல். ஸ்டூல்களுக்குக் குறுக்கே இரண்டு மரச் சட்டங்கள், நடுவில் லென்ஸ் தெரியும் அளவு இடைவெளி. அந்தச் சட்டங்கள்மேல் போன், முகம் மேலே பார்க்க, செல்லோடேப்பால் ஒட்டியபடி. கீழே மேசையில் பின்னணித் தாள், அதையும் நான்கு மூலையிலும் ஒட்டிவிடுங்கள். மேசைக் கால், ஸ்டூல் கால் எல்லாவற்றையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். யாராவது இடித்தால் (இடிப்பார்கள்) பழைய இடத்துக்குத் திரும்ப அந்தக் கோடு உதவும்.

போனில் செய்ய வேண்டியவை. ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றுங்கள். என் இரண்டாம் வருடத்தில் 41ஆவது போட்டோவில் அழைப்பு வந்தது. வைப்ரேஷனில் போன் மெல்ல நகர்ந்து சட்டத்திலிருந்து கீழே, நேராகப் பொம்மையின் தலைமேல். அந்த மூலை விரிசல் அன்று வந்ததுதான். கேமராவில் திரையை ஒரே இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். ஃபிளாஷ் வேண்டாம். போட்டோவின் விகிதம் 4:3 இருக்கட்டும், காரணம் பின்னால் வரும். பொத்தானை அமுக்கும்போது போன் ஆடும். வயர் உள்ள இயர்போனைச் செருகி அதன் ஒலிப் பொத்தானை அமுக்கினால் பல போன்களில் போட்டோ விழும். முந்தைய போட்டோவை மங்கலாகக் காட்டும் ஸ்டாப் மோஷன் செயலிகள் உண்டு, நல்லவைதான். நான் சாதாரணக் கேமராவையே வைத்திருக்கிறேன். முந்தைய படம் திரையில் தெரிந்தால் பிள்ளைகள் பொம்மையைப் பார்ப்பதை விட்டுத் திரையையே பார்க்கிறார்கள்.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. ஜன்னல் வெளிச்சம் அழகு, ஆனால் மேகம் ஒன்று கடந்தால் படம் மினுக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கு போட்டுக்கொள்ளுங்கள், எல்லாப் போட்டோவுக்கும் அதே விளக்கு. இவ்வளவும் செய்தும் ஒரு குழுவின் படம் மினுக்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. வரிசையில் காத்திருந்த ஒரு மாணவிதான் சொன்னாள்: "டீச்சர், அவன் குனியும்போதெல்லாம் பேப்பர் வெள்ளையாகிறது." வெள்ளைச் சட்டை. சட்டையில் பட்ட வெளிச்சம் தாளில் விழுந்திருக்கிறது. ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். நாங்கள் மேசையிலிருந்து இரண்டு அடி தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டோம். நகர்த்தியவர் கோட்டுக்குப் பின்னால் போன பிறகுதான் போட்டோ.

ஐந்து வேலை, ஐந்து பேர்

எடுக்கிற குழுவில் ஐவருக்கும் வேலை உண்டு. ஒருவர் நகர்த்துவார். ஒருவர் பொத்தான். ஒருவர் எண்ணித் தாளில் குறிப்பார். ஒருவர் "கை!" என்று கத்துபவர், ஃப்ரேமுக்குள் கையோ நிழலோ இருந்தால் மட்டும் கத்துவார். ஒருவர் கதைக் கட்டத்தைப் பார்த்து அடுத்து என்ன என்று சொல்வார். 12 போட்டோவுக்கு ஒருமுறை எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். 12 ஐந்து முறை, 60.

இந்தச் சுழற்சியை விட்டுவிடாதீர்கள். குழு பிரித்த முதல் முறை "வேலையை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்றேன். எட்டுக் குழுவில் ஏழில் போன் பையன்கள் கையில் இருந்தது, பெண் பிள்ளைகள் பின்னணிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. தானாக அமைவதைக் கலைப்பதற்குத்தான் ஆசிரியர் என்று ஒருவர் இருக்கிறார்.

அசைவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துவார்கள், பொம்மை இயந்திரம்போலப் போகும். நிஜத்தில் எதுவும் சட்டென்று கிளம்புவதில்லை. 2 மில்லிமீட்டர், பிறகு 5, பிறகு 10, 10, மறுபடி 5, 2 என்று நகர்த்தச் சொல்லுங்கள். பின்னணித் தாளின் ஓரத்தில் ஒரு காகிதப் பட்டையில் இந்தப் புள்ளிகளை முன்பே குறித்துவிட்டால் யோசிக்க வேண்டாம். குதிக்கிற பந்துக்கு உச்சியில் புள்ளிகள் நெருங்கியும் தரைக்கு அருகில் விலகியும் இருக்கும். அறிவியல் ஆசிரியர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று, நிற்க வைப்பது. பொம்மை எதையாவது பார்த்தால், 8 போட்டோவுக்கு அப்படியே அசையாமல் விடுங்கள். ஒரு நொடி. பிள்ளைகளுக்கு இது வீண் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடியில்தான் பொம்மை யோசிப்பதுபோலத் தெரியும்.

மீதி 35 பேர்

இதுதான் முக்கியம், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

படமெடுக்கும் நான்கு பாடவேளையிலும் வகுப்பில் நான்கு இடம் இருக்கும். ஒன்று மேடை, அங்கே ஒரு குழு. இரண்டாவது ஒத்திகை மேசை: அடுத்து எடுக்கப்போகும் குழு, போன் இல்லாமல் முழுக் கதையையும் நகர்த்திப் பார்க்கும், எண்ணும் உண்டு. இங்கே ஒருமுறை செய்தவர்கள் மேடையில் பாதித் தவறுதான் செய்கிறார்கள். மூன்றாவது ஒலி மூலை, நான்காவது ஆமைத் தரை. மற்ற ஆறு குழுவும் இந்த மூலைக்கும் தரைக்குமாகப் பிரிந்திருக்கும்.

ஒலி மூலையில் படத்துக்கு வேண்டிய சத்தங்களைத் தேடுவார்கள். கண்ணாடித் தாளைக் கசக்கினால் தீ. அட்டைப் பெட்டியில் மணலைச் சாய்த்தால் அலை. ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்துச் சுண்டினால் துள்ளல், வெளியே நீட்டும் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். பதிவு செய்வது பிறகு, இப்போது கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் வேலை: என்ன பொருள், எப்படி, எத்தனையாவது போட்டோவுக்கு. சினிமாப் பாட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். அது இன்னொருவர் உழைப்பு, அனுமதி வேண்டும் என்று சொல்கிறேன். தவிர, தாங்களே செய்த சத்தம் படத்தில் ஒட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் பாட்டை மறந்துவிடுவீர்கள்.

ஆமைத் தரை கணினி இல்லாத கணினி வகுப்பு. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் வாலி ஃபியூர்சைக்கும் சிந்தியா சாலமனும் சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். ஆமைக்குக் கட்டளை கொடுத்து அதைக் கோடு போட வைப்பது பின்னால் அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. எங்களிடம் ஆமை ஒரு பிள்ளை. கையில் சாக்பீஸ். மற்றவர்கள் தாளில் கட்டளை எழுதி ஒருவர் வாசிப்பார்: "மூன்று அடி முன்னே, 90 பாகை வலது, இதை நான்கு முறை." ஆமை எழுதியதை மட்டும்தான் செய்யும், நினைத்ததைச் செய்யாது. சதுரம் வந்துவிடும். முக்கோணத்துக்கு 60 என்பார்கள், ஆமை சுவரில் போய் நிற்கும். திரும்ப வேண்டியது 120. ஐந்துமுனை நட்சத்திரத்துக்கு 144. அதை யாரும் முதல் வாரத்தில் கண்டுபிடித்ததில்லை, ஆனால் தேடுவதை விடவும் மாட்டார்கள். 35 பேரையும் அமைதியாக வைத்திருப்பதற்கு நான் கண்ட ஒரே மருந்து இந்த நட்சத்திரம்தான். அமைதி என்றால் சத்தம் இருக்கும், அடிதடி இருக்காது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து எல்லோரும் இடம் மாறுவார்கள். அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், "எப்போ எங்கள் முறை" என்ற கேள்வி நின்றுவிடும். எடுத்து முடித்த குழு கணினிக்குப் போகும்.

சேர்ப்பது

எடிட்டிங் மென்பொருள் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருளே போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளிவந்தது, இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். பழைய கணினியில் புதிய பதிப்பு ஏறாவிட்டால் பழைய பதிப்பைப் போடுங்கள், இந்த வேலைக்கு அது தாராளம்.

ஸ்கிராட்சின் மேடை 480க்கு 360, அதாவது 4:3. போனில் 4:3 வைக்கச் சொன்னது இதற்காகத்தான். போட்டோக்களை வயர் மூலம் கணினிக்கு மாற்றி முதலில் அந்த அளவுக்குச் சுருக்குங்கள். முழு அளவில் 60 போட்டோவை ஏற்றிப் பார்த்தேன், கணினி கண்ணை மூடிக்கொண்டது. சுருக்கிய படங்களை ஒரே உருவத்தின் 60 உடைகளாகச் சேர்க்க வேண்டும். ஸ்கிராட்ச் அவற்றைக் காஸ்ட்யூம் என்கிறது. வரிசை சரியா என்று முதல் தடவை எண்ணிப் பாருங்கள். பிறகு நிரல் மூன்றே வரிதான்: அடுத்த காஸ்ட்யூமுக்கு மாறு, கொஞ்சம் காத்திரு, இதைத் திரும்பச் செய். முதல் காஸ்ட்யூம் ஏற்கெனவே திரையில் இருப்பதால் திரும்பச் செய்வது 59 முறை. 60 என்று போட்டால் கடைசியில் படம் முதல் போட்டோவுக்கே தாவிவிடும். எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்வதில்லை. நொடிக்கு 8 என்றால் ஒன்றை எட்டால் வகுக்க வேண்டும், 0.125. இந்த எண்ணை அவர்களே கண்டுபிடித்த பிறகு 0.05, 0.5 என்று மாற்றி மாற்றி ஓட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஐந்து நிமிடம் அனுமதியுங்கள்.

ஒலிப்பதிவு ஒன்பதாவது பாடவேளையில், அதே போனில். புத்தகப் பைகளைக் குவித்து நடுவில் போனை வைத்தால் அறையின் எதிரொலி குறையும். பதிந்ததை ஸ்கிராட்சில் ஏற்றி, எத்தனையாவது காஸ்ட்யூமில் ஒலிக்க வேண்டும் என்று கட்டளை சேர்ப்பார்கள். அவர்கள் முன்பே எழுதிவைத்த தாள் இங்கேதான் பயன்படும்.

அன்றன்றைய போட்டோவை அன்றே இரண்டு இடத்தில் வையுங்கள், குழு எண் போட்ட ஃபோல்டரில். போனில் இடமில்லை என்று நான் அவசரத்தில் அழித்ததில் மூன்று குழுவின் வேலை போயிருக்கிறது. அந்தப் 15 பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் உணவு இடைவேளையில் வந்து திரும்ப எடுத்தார்கள், இரண்டாவது படம் மேலாகவே இருந்தது. ஆனாலும் அந்த முகங்களை மறுபடி பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அறிவிப்பு அட்டையும் ஒரு எச்சரிக்கையும்

திரையிடலுக்கு ஒளிரும் அறிவிப்பு அட்டை செய்யலாம். 3 வோல்ட் பட்டன் செல், சின்ன எல்இடி, கம்பிக்குப் பதில் அலுமினியத் தாள் பட்டை. எல்இடியின் நீளக் கால் செல்லின் கூட்டல் பக்கம். ஒரே செல்லில் சிவப்பையும் வெள்ளையையும் பக்கம் பக்கமாக இணைத்தால் வெள்ளை எரியாது: சிவப்புக்கு சுமார் 2 வோல்ட் போதும், அது செல்லின் அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும், வெள்ளைக்கு சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒரே நிறமாகப் போடுங்கள்.

பட்டன் செல்லைச் சிறு பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயை ஓரிரு மணி நேரத்திலேயே அரித்துவிடும், உயிருக்கே ஆபத்து. எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள், அட்டையில் செல்லை டேப்பால் முழுக்க மூடுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள், அட்டை பள்ளியிலேயே இருக்கட்டும். எண்ணுவதற்கு நேரமில்லாத வாரத்தில் நான் இந்த வேலையையே எடுப்பதில்லை.

காட்டுவது, மதிப்பெண்

பத்தாவது பாடவேளை திரையிடல். புரொஜெக்டர் இல்லாவிட்டால் இருப்பதில் பெரிய மானிட்டர். ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை ஓட்டுங்கள். ஏழரை நொடியில் முதல் தடவை யாரும் எதையும் பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டாவதில் கதை தெரியும், மூன்றாவதில் எடுத்தவர்கள் எழுந்து நின்று "இந்த இடத்தில்தான்…" என்று ஆரம்பிப்பார்கள். பெற்றோரை அழைத்தால் நல்லது. படத்தை வெளியே எங்காவது போட நினைத்தால், பிள்ளைகளின் முகம், பெயர், குரல் எதற்கும் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பொம்மை மட்டும் வரும்படி எடுப்பதில் இந்தத் தொல்லையும் குறைவு.

மதிப்பெண் கேட்பார்கள். நான் படத்துக்குப் போடுவதில்லை, ஐவர் செய்ததில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுதித்தர வேண்டும்: எத்தனையாவது போட்டோவில் என்ன கெட்டது, ஏன், எப்படிச் சரிசெய்தோம். "ஒன்றும் கெடவில்லை" என்று எழுதியவரைக் கூப்பிட்டு அவர் படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன். அவரே இரண்டு இடத்தை விரலால் காட்டிவிடுவார். எழுத வராத பிள்ளை வாயால் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன்.

முடிந்ததும் மரச் சட்டங்கள், இயர்போன், இமைக்கும் கண்கள் எல்லாம் ஒரு பெட்டியில் போய்விடும். தரையில் போட்ட சாக்பீஸ் கோடுகளை மட்டும் அழிக்க விடாதீர்கள், அடுத்த பிரிவு பிள்ளைகள் திங்கட்கிழமை வருகிறார்கள்.